ஓஎல்இடி-க்கு எந்த உமிழி? சிங்லெட்டும் டிரிப்லெட்டும் கேட்கும் விலை

மின்சாரம் செலுத்தினால் கரிம மூலக்கூறுகளே ஒளிவிடும் சாதனமான ஓஎல்இடி ஒன்றின் ஒளியுமிழும் அடுக்கை வடிவமைக்க உட்காருகிறவர் முன் இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. சாதாரண உடனொளிர்தல் ஒன்று: ஆற்றல் ஏறிய மூலக்கூறின் இரு நிலைகளில் சிங்லெட் மட்டும் ஒளிவிடும், டிரிப்லெட் வீணாகும். இரண்டு டிரிப்லெட்டுகள் மோதி ஒரு சிங்லெட்டாகும் வழி இன்னொன்று. இரிடியம், பிளாட்டினம் போன்ற கன உலோகங்களின் உதவியால் டிரிப்லெட்டே நேரடியாக ஒளிவிடும் நின்றொளிர்தல் மூன்றாவது. அறை வெப்பமே டிரிப்லெட்டை சிங்லெட்டாக ஏற்றிவிடும் தாமத ஒளிர்தல் நான்காவது. ஒரு மூலக்கூறு ஆற்றலைச் சேகரிக்க, பக்கத்தில் இருக்கும் வேறொரு மூலக்கூறு ஒளிவிடும் கூட்டு முறை ஐந்தாவது.

கடைசி மூன்றில் எதை எடுத்தாலும் ‘100 சதவீத அகக் குவாண்டம் திறன்’, அதாவது உள்ளே சந்திக்கும் ஒவ்வொரு மின்னூட்ட இணையும் ஒளியாகும் என்ற எண் முன்னால் வந்து நிற்கும். அதை நம்பித்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். மூன்று வழிகளும் ஒரே எண்ணைத் தருகின்றன என்றால், அந்த எண் தேர்வுக்குப் பயன்படாது என்பது வெளிப்படை. கிளர்நிலை (ஆற்றல் ஏறிய நிலை) ஒன்று டிரிப்லெட்டாக எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு ஆற்றலோடு தங்குகிறது என்ற இரண்டு கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுத்தால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும் என்பது என் வாதம்.

நான்கில் ஒன்று

மின்முனைகளிலிருந்து வரும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடம்) தனித்தனியே தற்சுழற்சி என்ற குவாண்டம் குணம் கொண்டவை. இரண்டும் ஒரே மூலக்கூறில் சந்தித்து எக்சிட்டான் என்ற கிளர்ந்த இணை ஆகும்போது நான்கு சேர்க்கைகள் சாத்தியம். அவற்றில் ஒன்றின் மொத்தத் தற்சுழற்சி சுழி, அது சிங்லெட். மற்ற மூன்றும் டிரிப்லெட். வரும் மின்னூட்டங்களின் தற்சுழற்சிக்கு எந்த ஒழுங்கும் இல்லாததால், விளைவது 25 சதவீத சிங்லெட், 75 சதவீத டிரிப்லெட்.

ஒளியால் கிளர்த்தும்போது இந்தப் பிரிவினை எழுவதில்லை. கரிம மூலக்கூறின் தாழ்நிலை (கிளராத இயல்பு நிலை) சிங்லெட்டாக இருப்பதால், ஒளியை உறிஞ்சியதும் சிங்லெட்டே உருவாகிறது. கரைசலில் புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று ஒளிரும் சாயம், சாதனத்துக்குள் போனதும் மங்கிவிடுவதற்கு இது முதல் காரணம். கரைசலில் அளந்த ஒளிர்வுத் திறனை வைத்து உமிழியைத் தேர்ந்தெடுப்பது பாதிப் பரீட்சையை மட்டும் எழுதுவதாகும்.

டிரிப்லெட் தாழ்நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் தற்சுழற்சி திரும்ப வேண்டும். ஒளி அதைச் செய்வதில்லை. எனவே கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் மட்டும் கொண்ட சாதாரண மூலக்கூறில் டிரிப்லெட் மில்லிவினாடிகளுக்கு, சில வேளைகளில் வினாடிகளுக்குக்கூடக் காத்திருந்து, பெரும்பாலும் வெப்பமாக முடிகிறது. அது சிங்லெட்டைவிடத் தாழ்வாகவும் இருக்கிறது. ஒரே திசைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி நிற்பதால் அவற்றுக்கிடையே விலக்கு குறைகிறது. சாதாரணச் சாயங்களில் இந்த இடைவெளி அரை எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் வோல்ட் (மூலக்கூறு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வரை வரும்.

இதற்கு மேல் இன்னொரு வரியும் கட்ட வேண்டியிருக்கிறது. தட்டையான கண்ணாடிச் சாதனத்துக்குள் பிறந்த ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மீதி கண்ணாடியிலும் கரிம அடுக்குகளிலும் உலோகப் பரப்பிலும் சிக்கிக்கொள்கிறது. 25 சதவீதத்தில் ஐந்தில் ஒன்று என்றால் 5 சதவீதம். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் டாங், வான்ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஈரடுக்குச் சாதனம் 10 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் ஏறத்தாழ 1 சதவீதப் புறத் திறனை, அதாவது செலுத்திய மின்னூட்டத்தில் ஒளியாக வெளியே வந்த பங்கைத் தந்தது. அதன் பின் பத்தாண்டுகளுக்கு மேல் அந்த 5 சதவீதக் கூரைக்குக் கீழேதான் எல்லோரும் வேலை செய்தார்கள். பாலிமர்களில் சிங்லெட்டின் பங்கு 25ஐத் தாண்டுகிறதா என்று ஒரு நீண்ட விவாதமும் நடந்தது. 2001இல் ஒரு குழு ஒரு பாலிமரில் 57 சதவீதம் வரை அளந்ததாக அறிவித்தது, வேறு அளவீடுகள் மீண்டும் 25க்கு அருகிலேயே வந்து நின்றன. வடிவமைப்புக் கணக்குக்கு 25ஐ எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தங்கும் நேரம் என்ன செய்கிறது

சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் மின்னோட்டம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். இது மிகையான அளவு இல்லை. வினாடிக்கு 6 × 10¹⁶ மின்னூட்ட இணைகள் அந்தப் பரப்பில் சந்திக்கின்றன. அவை சந்திக்கும் பகுதியின் தடிமன் 10 நானோமீட்டர் என்றால், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் வினாடிக்கு 6 × 10²² எக்சிட்டான்கள் பிறக்கின்றன. நிலையான சூழலில் எந்த நேரத்திலும் உயிரோடு இருக்கும் எக்சிட்டான்களின் எண்ணிக்கை, பிறப்பு வீதத்தை ஆயுளால் பெருக்கினால் கிடைத்துவிடும்.

ஆயுள் 1 மைக்ரோவினாடி என்றால் கன சென்டிமீட்டருக்கு 6 × 10¹⁶. இரண்டு எக்சிட்டான்களுக்கு இடையே சராசரி தூரம் 25 நானோமீட்டர். அதே ஆயுள் 100 மைக்ரோவினாடி என்றால் 6 × 10¹⁸. தூரம் ஐந்தரை நானோமீட்டராகச் சுருங்குகிறது. உமிழி மூலக்கூறுகள் 5 சதவீத அளவில் கலந்திருந்தால், முதல் நிலையில் எண்ணூறில் ஒன்றுதான் கிளர்ந்திருக்கும். இரண்டாவதில் எட்டில் ஒன்று. இது மோதல்களைக் கணக்கில் எடுக்காத எளிய கணக்கு. ஆனால் மோதல்கள் தொடங்குவது அந்தத் தூரத்தில்தான் என்பதால் கணக்கின் செய்தி மாறாது.

மோதும்போது ஓர் எக்சிட்டான் தன் ஆற்றலை மற்றதிடம் கொடுத்துவிட்டு அணைகிறது. வாங்கிக்கொண்டது இருமடங்கு ஆற்றலோடு உயர்நிலைக்குப் போகிறது. எக்சிட்டான் ஒரு மின்னூட்டத்தோடு மோதினாலும் இதே கதைதான். இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பிரகாசம் கூடக்கூடத் திறன் சரிகிறது. உயர்நிலைக்குப் போன மூலக்கூறு எப்போதாவது உடைந்தும் போகிறது. உடைந்த துண்டு அடுத்து வரும் எக்சிட்டான்களை விழுங்கும் குழியாகிவிடுகிறது. சாதனம் முதுமையடைவது என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இதுதான். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நின்றொளிர்தல்: சிவப்புக்கும் பச்சைக்கும் கேள்வியே இல்லை

கனமான அணுக்கருவுக்கு அருகே ஓடும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதை இயக்கமும் வலுவாகப் பிணைந்துகொள்கின்றன. அந்தப் பிணைப்பு சிங்லெட்டையும் டிரிப்லெட்டையும் கொஞ்சம் கலந்துவிடுகிறது, தடை தளர்கிறது. சிங்லெட்டுகள் மிக விரைவாக டிரிப்லெட்டாக இறங்குகின்றன, டிரிப்லெட்டுகள் ஒளியாக வெளியேறுகின்றன. இரண்டு வகையும் ஒரே கதவு வழியாகப் போவதால் 100 சதவீதம் சாத்தியமாகிறது.

1998இல் பால்டோ, ஃபாரெஸ்ட், தாம்ப்சன் ஆகியோரின் குழு பிளாட்டினம் போர்ஃபிரின் ஒன்றை வைத்துச் செஞ்சிவப்புச் சாதனத்தைக் காட்டியது. அதன் டிரிப்லெட் ஆயுள் பல பத்து மைக்ரோவினாடிகள். மின்னோட்டம் ஏறியதும் திறன் சரிந்தது. அடுத்த ஆண்டே அவர்கள் மூன்று ஃபினைல்பிரிடின் கைகள் (உலோகத்தோடு பிணைந்த கரிமத் தொகுதிகள்) கொண்ட இரிடியம் சேர்மத்துக்கு மாறினார்கள். ஆயுள் 1 மைக்ரோவினாடி அளவுக்கு இறங்கியது, புறத் திறன் 8 சதவீதமாக ஏறி பழைய கூரையைத் தாண்டியது. 2001இல் அதன் நெருங்கிய உறவான இன்னொரு இரிடியம் சேர்மத்தைக் கொண்டு சிஹாயா அடாச்சி முதலானோர் 19 சதவீதத்தை எட்டினார்கள். உள்ளே ஏறத்தாழ எல்லா எக்சிட்டானும் ஒளியாகிறது என்பதே அதன் பொருள். இரண்டு உலோகங்களுக்கும் அணு எண் 78, 77 என்று அருகருகே இருக்க, இரிடியத்தில் திறன் நிலைத்து பிளாட்டினத்தில் சரிந்ததற்கு முக்கியக் காரணம் தங்கும் நேரம்தான். பிளாட்டினத்தின் மேல் குறை இல்லை. போர்ஃபிரின் வளையத்தில் கிளர்ச்சி பெரும்பாலும் வளையத்திலேயே இருந்துவிடுகிறது; இரிடியம் சேர்மத்தில் உலோகம் அதில் கூடுதலாகப் பங்கெடுக்கிறது. உலோகத்தை நான்கு இடங்களில் பிடிக்கும் கை கொண்டு பின்னர் வந்த நான்முனைப் பிளாட்டினம் சேர்மங்கள் சில மைக்ரோவினாடிகளில் ஒளிர்பவை.

இன்றைய கைப்பேசித் திரைகளில் சிவப்பும் பச்சையும் இந்த வழியில்தான் ஒளிர்கின்றன. நிறமாலை சற்று அகலமானது என்ற குறையைத் திரையின் நுண்குழிவு அமைப்பு (ஒளியை உள்ளே எதிரொளித்துக் குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு) ஓரளவு நறுக்கிச் சரிசெய்துவிடுகிறது. இந்த இரு நிறங்களில் புதிதாக ஒரு பொருளைத் தயாரிப்பவர் வேறு வழிக்குப் போக எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

இரிடியம் அரிய உலோகம் என்பதால் ஒதுக்க வேண்டும் என்ற வாதம் அடிக்கடி வரும். 30 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்கில் 10 சதவீதம் இரிடியம் சேர்மம் கலந்தால், ஒரு சதுர மீட்டர் திரையில் இருக்கும் இரிடியம் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே மேல். ஆவியாக்கிப் படியவைக்கும்போது சுவரில் வீணாவது அதைப்போல் பல மடங்கு இருக்கும், அதை மீட்டெடுக்கலாம். உலோகத்தின் அருமை ஓர் உண்மையான கவலைதான், ஆனால் முதல் கவலை இல்லை.

முதல் கவலை நீலம். 460 நானோமீட்டர் ஒளிக்கு 2.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அந்த ஆற்றல் உமிழியின் டிரிப்லெட்டில் இருக்க, அது கசியாமல் காக்க, உமிழியைச் சுற்றித் தாங்கும் அடிப்பொருளான ஹோஸ்ட் மூலக்கூறின் டிரிப்லெட் அதற்கும் மேலே, ஏறத்தாழ 2.9 அல்லது 3 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்க வேண்டும். ஹோஸ்டின் சிங்லெட் அதற்கும் மேலே. அவ்வளவு அகன்ற இடைவெளி கொண்ட பொருள்களில் மின்னூட்டம் தயங்கித்தான் ஓடும். இயக்க வோல்ட் ஏறும். இரண்டு நீல எக்சிட்டான்கள் மோதினால் 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஓரிடத்தில் குவிகிறது. கரிம மூலக்கூறுகளில் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பை உடைக்க 3 முதல் 4 எலக்ட்ரான் வோல்ட் போதும். இது போதாதென்று, உமிழியின் ஆற்றல் உயர உயர, உலோகத்தை மையமாகக் கொண்ட ஒளிராத நிலைகள் வெப்பத்தால் எட்டும் தூரத்துக்கு வருகின்றன. அங்கே போன மூலக்கூறு தன் கை ஒன்றைக் கழற்றிக்கொள்ளக்கூடும்.

இதற்கான மருத்துவமும் நடந்துகொண்டிருக்கிறது. எக்சிட்டான்கள் ஓரிடத்தில் குவியாமல் இருக்க உமிழியின் செறிவை அடுக்குக்குள் படிப்படியாக மாற்றி, 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு நீலத்தின் ஆயுளை ஏறத்தாழ பத்து மடங்கு கூட்டியது. பலவீனமான இடங்களில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைக்கிறார்கள். எல்ஜி டிஸ்பிளே 2025இல் நின்றொளிரும் நீலத்தை வணிக உற்பத்தி நிலையில் சோதித்துவிட்டதாக அறிவித்தது. அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும்: இரண்டு நீல அடுக்குகள், கீழே உடனொளிரும் நீலம், மேலே நின்றொளிரும் நீலம். முழுச் சுமையையும் புதியவன் தோளில் வைக்க அவர்களே துணியவில்லை.

டிரிப்லெட் இணைவு: பழையது, ஆனால் நீலத்தின் காவல்

சந்தையில் விற்கும் நீலத்தில் பெரும்பகுதி இன்றும் உடனொளிர்தல்தான், ஆனால் அது 25 சதவீதத்தோடு நிற்கும் பழைய உடனொளிர்தல் இல்லை. ஹோஸ்டாக ஆந்திரசீன் வகை மூலக்கூறுகளை வைக்கிறார்கள். அவற்றின் டிரிப்லெட் ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட். சிங்லெட் ஏறத்தாழ 3. இரண்டு டிரிப்லெட்டுகள் சந்தித்தால் 3.6 இருக்கிறது, ஒரு சிங்லெட்டை உருவாக்கப் போதும். நான் மேலே கேடு என்று சொன்ன மோதலையே இங்கே வருமானமாக்குகிறார்கள்.

எவ்வளவு வருமானம்? ஒவ்வோர் இரண்டு டிரிப்லெட்டும் தவறாமல் ஒரு சிங்லெட்டாகுமானால் 75இன் பாதி 37.5, மொத்தம் 62.5 சதவீதம். ஆனால் இரண்டு டிரிப்லெட்டுகளின் ஒன்பது தற்சுழற்சிச் சேர்க்கைகளில் ஒன்றுதான் சிங்லெட், மூன்று டிரிப்லெட், ஐந்து குவின்டெட். குவின்டெட் பிரிந்து மீண்டும் இரண்டு டிரிப்லெட்டாகும், டிரிப்லெட் வழியில் போனது ஒன்றை இழக்கும் என்று கொண்டால், ஒரு சிங்லெட்டுக்கு ஐந்து டிரிப்லெட் செலவாகிறது. அப்போது மொத்தம் 40 சதவீதம். இரண்டாம் டிரிப்லெட் நிலை, முதல் டிரிப்லெட்டின் இருமடங்கைவிட உயரமாக அமைந்த மூலக்கூறில் அந்த இழப்பு வழி அடைபட்டு, 62.5ஐ நோக்கி நகர முடியும்.

திறனை மட்டும் பார்த்தால் இது தோற்கும் பந்தயம். ஆயுளைப் பார்த்தால் படம் மாறுகிறது. இங்கே டிரிப்லெட்டுகள் நீண்ட நேரம் தங்குகின்றன, தங்கவும் வேண்டும். ஆனால் 1.8 எலக்ட்ரான் வோல்ட் கொண்ட டிரிப்லெட் எந்தப் பிணைப்பையும் உடைக்கும் நிலையில் இல்லை. உமிழியிலும் ஆபத்தான ஆற்றல் சில நானோவினாடிகளே தங்குகிறது. நேரத்தை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மோதல் நடக்கக் கூட்டம் வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் டிரிப்லெட்டுகள் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. திறன் 25 சதவீதத்தை நோக்கி இறங்குகிறது. இரவில் மிகக் குறைந்த வெளிச்சத்தில் இயங்க வேண்டிய திரைக்கு இது கணக்கில் வர வேண்டும். மற்ற எல்லா வழிகளும் பிரகாசம் கூடும்போது சரிய, இது மட்டும் குறைந்த பக்கத்தில் சரிகிறது.

வெப்பத்தால் ஏறும் சிங்லெட்

அறை வெப்பத்தின் அளவு 0.026 எலக்ட்ரான் வோல்ட். சிங்லெட்–டிரிப்லெட் இடைவெளி 0.5 எலக்ட்ரான் வோல்ட் என்றால், ஏறிச் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ முப்பது கோடியில் ஒன்று. இடைவெளி 0.08 ஆக இருந்தால் இருபத்தைந்தில் ஒன்று. வெப்பத்தால் தூண்டப்படும் இந்தத் தாமத ஒளிர்தல், டிஏடிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழியின் முழு மர்மமும் இந்த இரு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

இடைவெளியைக் குறைக்க, எலக்ட்ரான் இருக்கும் பகுதியையும் துளை இருக்கும் பகுதியையும் மூலக்கூறின் வெவ்வேறு முனைகளுக்குத் தள்ள வேண்டும். 2012இல் கியூஷூ பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு, இரண்டு சயனோ தொகுதிகள் கொண்ட பென்சீன் வளையத்தைச் சுற்றி நான்கு கார்பசோல்களை முறுக்கி நிறுத்தி இதைச் சாதித்தது. உலோகமே இல்லாமல் பச்சையில் 19 சதவீதப் புறத் திறன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இரிடியத்தில் அதே எண்ணை எட்டியவரும் இவர்தான். டொலுயீன் கரைசலில் அந்த மூலக்கூறின் உடனடி ஒளிர்வு 17.8 நானோவினாடி, தாமத ஒளிர்வு 5.1 மைக்ரோவினாடி. இரிடியத்தின் ஒரு மைக்ரோவினாடியோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எலக்ட்ரானையும் துளையையும் விலக்கி வைத்தால் அவை சேர்ந்து ஒளிவிடும் வேகமும் குறைகிறது. மூலக்கூறு தளர்வாக அசைவதால் நிறம் அகன்று போகிறது. நிறமாலையின் அரை உயரத்தில் 70 முதல் 100 நானோமீட்டர் அகலம் சாதாரணம். நவீனத் திரைத் தரங்கள் கேட்கும் தூய நீலத்துக்கும் பச்சைக்கும் இது ஒத்துவராது. வடிகட்டினால் சம்பாதித்த திறன் வடிகட்டியில் போய்விடும்.

ஜப்பானின் ஹாதகேயாமா குழு 2016இல் இதற்கு வேறு விடை தந்தது. போரானையும் நைட்ரஜனையும் இறுக்கமான தட்டைச் சட்டகத்துக்குள் மாறிமாறி வைத்தால், எலக்ட்ரானும் துளையும் பக்கத்துப் பக்கத்து அணுக்களில் பிரிந்து உட்காருகின்றன. சட்டகம் அசைய மறுக்கிறது. டாப்னா என்ற அந்த மூலக்கூறு 467 நானோமீட்டரில் வெறும் 28 நானோமீட்டர் அகலத்தோடு நீலம் உமிழ்ந்தது. ஆனால் இடைவெளி 0.2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில். வாய்ப்பு இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று, தங்கும் நேரம் ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி. முன்பு போட்ட கணக்கில் எட்டில் ஒன்று என்று வந்த அதே நிலை. எதிர்பார்த்தபடியே பிரகாசம் ஏறியதும் திறன் கீழே போனது. 2019இல் வந்த நியூ-டாப்னா இடைவெளியை 0.017 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் நேரத்தை 4 மைக்ரோவினாடிக்கும் இறக்கி, சாதனத்தில் 18 நானோமீட்டர் அகலத்தில் 34 சதவீதப் புறத் திறனைத் தொட்டது. ஐந்தில் ஒன்றுதான் வெளியேறும் என்றால் இந்த எண் எப்படி வந்தது என்று கேட்கலாம். தட்டையான மூலக்கூறு அடுக்கில் படுத்துக்கொள்வதால் ஒளி பக்கவாட்டில் சிக்காமல் வெளியே கூடுதலாக வருகிறது.

டிஏடிஎஃப் குறித்து எனக்கு ஓர் எரிச்சல் உண்டு. உலோகத்தை நீக்கியதாலேயே நீலத்தின் ஆயுள் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதுபோல் எழுதுகிறார்கள். இடைவெளி குறைவு என்றால் டிரிப்லெட்டும் சிங்லெட்டின் உயரத்திலேயே இருக்கிறது என்றுதானே பொருள்? நீல டிஏடிஎஃப்-இன் டிரிப்லெட் 2.7 எலக்ட்ரான் வோல்ட்டில், பல மைக்ரோவினாடிகளுக்கு. அதே உயரமான ஹோஸ்ட் வேண்டும், அதே மோதல் ஆபத்து. இரிடியத்தைவிட நேரம் நீளம் என்பதால், தனியாக நிற்கும் நீல உமிழியாக இது இரிடியத்தைவிட மோசமான இடத்தில்தான் தொடங்குகிறது.

கூட்டு முறை

இதில் வேலை பிரிக்கப்படுகிறது. டிரிப்லெட்டுகளைத் திரட்டுவது ஒரு மூலக்கூறு. ஒளிவிடுவது வேகமான, குறுகிய நிறமாலை கொண்ட உடனொளிரும் மூலக்கூறு. திரட்டும் வேலைக்கு இரிடியத்தை வைக்கலாம் என்று பால்டோ குழு 2000இலேயே காட்டியது. டிஏடிஎஃப் மூலக்கூறை வைத்து 2014இல் அடாச்சி குழு காட்டியது. அது ஹைப்பர்ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரில் பரவியது.

எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் நிறத் தூய்மை மட்டும் இல்லை. திரட்டியின் ஆற்றல் ஃபோர்ஸ்டர் முறையில் (மூலக்கூறுகள் தொடாமலே ஆற்றல் தாவும் வழி) சில நானோமீட்டர் தாண்டி இறுதி உமிழிக்குத் தாவும்போது, திரட்டி தானாக ஒளிவிடும் வரை காத்திருப்பதில்லை. தாவல் வேகமாக இருந்தால் டிரிப்லெட்டாகத் தங்கும் நேரமே சுருங்குகிறது. முன்பு போட்ட கணக்கில் பிறப்பு வீதத்தைத் தொடாமல் எக்சிட்டான் கூட்டத்தைக் குறைக்கும் வழி இது.

கசிவு நடக்கும் இடம் டெக்ஸ்டர் தாவல். திரட்டியும் இறுதி உமிழியும் ஒரு நானோமீட்டர் அளவுக்கு நெருங்கினால் டிரிப்லெட் நேராக இறுதி உமிழியின் டிரிப்லெட்டுக்குள் விழுந்து வீணாகிறது. இறுதி உமிழியைச் சுற்றிப் பருமனான பியூட்டைல் தொகுதிகளைக் காவல் வைக்கிறார்கள். அதன் செறிவையும் ஏறத்தாழ 1 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள். ஆய்வகத்தில் இது சரி. தொழிற்சாலையில் மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் ஆவியாக்கி, அதில் ஒன்றை 1 சதவீதத்தில் மணிக்கணக்காகப் பிடித்து வைப்பது கடினமான வேலை. செறிவு கொஞ்சம் நகர்ந்தாலும் நிறமும் ஆயுளும் சேர்ந்து நகரும். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் வேதியியல் வல்லுநரைவிட முதலில் தன் படிவிப்புக் கருவியை நம்ப முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது

சிவப்பு, பச்சை என்றால் இரிடியம். பச்சையில் நிறத் தரம் மிகக் கடுமையாகக் கேட்கப்பட்டால் மட்டும் இரிடியத்தைத் திரட்டியாக வைத்து, போரான்–நைட்ரஜன் சட்டக உமிழியை மேலே சேர்க்கலாம்.

நீலத்தில், இந்த ஆண்டு விற்க வேண்டிய பொருள் என்றால் டிரிப்லெட் இணைவு. திறன் போதவில்லை என்றால் அடுக்கை இரட்டிப்பாக்கி ஒவ்வோர் அடுக்கின் மின்னோட்டத்தையும் குறைக்கலாம். சில ஆண்டுகள் ஆய்வு செய்ய நேரமும் பணமும் உள்ள குழு என்றால், வேகமான பிளாட்டினம் அல்லது இரிடியம் திரட்டியோடு குறுகிய நீல உமிழியைச் சேர்க்கும் வழியில் என் பந்தயத்தை வைப்பேன். டிஏடிஎஃப் திரட்டியைவிட உலோகத் திரட்டியை நான் முன்னால் வைப்பது ஒரே காரணத்துக்காக: அது ஆற்றலை விரைவில் கைமாற்றுகிறது.

செஞ்சிவப்பைத் தாண்டி அகச்சிவப்புக்குப் போனால் மேசையே மாறுகிறது. இடைவெளி குறுகக் குறுக, மூலக்கூறு அதிர்வுகள் கிளர்நிலையை வெப்பமாக்கும் வேகம் பன்மடங்காக ஏறுகிறது. மெதுவாக ஒளிரும் டிரிப்லெட் அந்தப் போட்டியில் எளிதில் தோற்கும். இணைசேரா எலக்ட்ரான் ஒன்றைத் தாழ்நிலையிலேயே கொண்ட தனியுறுப்பு மூலக்கூறுகள் இங்கே கவனத்துக்குரியவை. அவற்றின் தாழ்நிலையும் கிளர்நிலையும் இரண்டுமே டப்லெட் (ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சி நிலை) என்பதால் தடை என்ற பேச்சே இல்லை. 2018இல் ஜிலின், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 710 நானோமீட்டரில் 27 சதவீதப் புறத் திறனைக் காட்டினார்கள். ஒளி பட்டால் சிதையும் குணம் இந்தக் குடும்பத்தில் பரவலாக இருப்பதால் ஆயுள் தரவு பார்க்காமல் இறங்கக் கூடாது.

கரிம லேசர், மிக வேகமான தரவு அனுப்பும் ஒளிமூலம் போன்றவற்றுக்கு உடனொளிர்தலை விட்டால் வழியில்லை. நானோவினாடியில் அணைந்து எரிய வேண்டிய இடத்தில் மைக்ரோவினாடிக்கு இடமில்லை. குவியும் டிரிப்லெட்டுகள் லேசர் ஒளியையே உறிஞ்சிக்கொள்ளும். 75 சதவீதத்தை இழக்கச் சம்மதித்துத்தான் அங்கே போக வேண்டும்.

எதை எடுத்தாலும் பொருள் தருபவரிடம் நான்கு தரவுகளைக் கேட்டு வாங்குங்கள். தங்கும் நேரத்தைக் கரைசலில் அளக்காமல், பயன்படுத்தப்போகும் ஹோஸ்டில், பயன்படுத்தப்போகும் செறிவில், மெல்லிய படலமாக அளந்த வரைபடம் ஒன்று. உச்சத் திறன் மட்டும் இல்லாமல் 1000 நிட், 5000 நிட் (நிட் என்பது பிரகாசத்தின் அலகு) அளவில் எஞ்சும் திறன் இரண்டாவது. தாமத ஒளிர்வு எதனால் வருகிறது என்பதற்கான சான்று மூன்றாவது: வெப்பத்தைக் குறைத்தால் அடங்குவது டிஏடிஎஃப், குறைந்த தூண்டலில் தீவிரத்தின் இருமடியாக ஏறுவது டிரிப்லெட் இணைவு, இரண்டையும் குழப்பி விற்பவர்கள் உண்டு. கடைசியாக, ஒளி 5 சதவீதம் மங்க எடுத்த நேரம், எந்தத் தொடக்கப் பிரகாசத்தில், எந்த நிற ஆயத்தொலைவில் அளந்தது என்ற விவரத்தோடு. வானநீலத்தில் எடுத்த ஆயுளை ஆழ்நீலத்துக்கு முன் வைத்துக் காட்டினால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.